கேட்க ஆள் உண்டு

எங்கள் ஊர்ப் பக்கம் ஏழ்மையைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. காசில்லை என்பார்கள், காணி நிலம் இல்லை என்பார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று இருக்கிறது: "அவளுக்குக் கேட்க ஆளில்லை." நிலமில்லாதவருக்கும் ஒரு தாய்மாமன் இருப்பார், நாலு பங்காளிகள் இருப்பார்கள், அநியாயம் நடந்தால் வாசலில் வந்து நின்று "என்ன விஷயம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரவே வராது என்று தெரிந்த இடத்தில்தான் கூலியைப் பிடித்தம் செய்கிறார்கள், கையைப் பிடித்து இழுக்கிறார்கள், ஒரு ஷிப்ட் முடித்த பெண்ணை அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்துகிறார்கள். வருமானம், சொத்து, நுகர்வு என்று ஏற்றத்தாழ்வை அளக்கப் பொருளியலில் பல அளவுகோல்கள் உள்ளன. எல்லாம் தேவைதான். ஆனால், திண்டுக்கல்லின் தொழில் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்தக் கிராமத்துச் சொல்லைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் வேடசந்தூரை நோக்கிப் போனால் மில் பஸ்களைப் பார்க்கலாம். எரியோடு, வடமதுரை, குஜிலியம்பாறை பக்கத்துக் கிளைச்சாலைகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்து ஏறும். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள், மடியில் சாப்பாட்டுப் பை. எதிர்த்திசையில் இரவு ஷிப்ட் முடித்தவர்களின் பஸ். அதில் இருப்பவர்களின் தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். இவர்களுடைய அப்பாக்கள் மானாவாரியில் சோளமும் கடலையும் போட்டு, மழை பொய்த்த வருடங்களில் கடன்பட்டவர்கள். அம்மாக்கள் களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள். மகள்கள் மில்லுக்குப் போகிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைபார்க்கும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கணக்கில் இந்தப் பஸ்களும் அடக்கம்.

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வரும். பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. ஆனால் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொழிற்சங்கம் நடத்துவோரிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள்: திண்டுக்கல் ஒப்பந்தம். ஒரு ஆடை ஆலையின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், உலகின் மிகப் பெரிய துணி நிறுவனங்களில் சிலவற்றைச் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். உள்ளூரில் அதைப் பற்றி ஒரு பட்டிமன்றம்கூட நடந்ததாக எனக்கு நினைவில்லை. பூட்டுக்குக் கிடைத்த மரியாதையில் பாதியாவது அதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அதைச் சொல்வதற்கு முன் இன்னும் பின்னால் போக வேண்டும். மில்கள் பெருகுவதற்கு முன்னால் இந்த ஊரின் காற்றில் இருந்தது தோல் வாடை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் உதிர்த்து, சவ்வு சுரண்டி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, கப்பலேற்றி அனுப்பினார்கள். சீமையில் அது காலணியாகவும் கைப்பையாகவும் மாறியது. சுண்ணாம்புக் குழியில் இறங்குபவர் யார் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருந்தது. தோலைத் தொடுவது தீட்டு. ஆகவே அந்த வேலை தீட்டென்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு. தோலைப் பதனிட்டு விற்ற பணத்துக்கு மட்டும் எந்தத் தீட்டும் ஒட்டவில்லை. சுண்ணாம்பு அந்தத் தொழிலாளியின் கால் விரலிடுக்கைத் தின்றது, கை ரேகையை அழித்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய முன்பணம் அவரை அதே குழிக்குள் பிடித்து வைத்தது. முன்பணம் தீராதவரை வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது. அது தீரவும் தீராது.

அந்த மக்களின் கதையை டி.செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக 2010இல் எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே எழுதியவர் அவர். தோல் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்ட காலத்தை ஒரு பெரிய நாவலுக்குள் கொண்டுவர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த நாவலைப் படித்து முடித்தபோது எனக்குள் தங்கியது ஒரு எளிய செய்தி. கூலி உயர்ந்தது பிறகுதான் நடந்தது. முதலில் மாறியது நின்ற தோரணை. அதுவரை தனியாகப் போய்த் தலைசொறிந்து நின்றவர்கள், நாலு பேராகப் போய்க் கேட்டார்கள். பின்னாளில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக உயர்ந்த ஏ.பாலசுப்பிரமணியம் போன்றவர்கள் இந்தத் தோல் தொழிலாளர்களின் குடியிருப்புகளில் இரவு இரவாக உட்கார்ந்து பேசித்தான் சங்கம் கட்டினார்கள். 'சங்கம்' என்ற சொல்லுக்கு அந்தக் குடியிருப்புகளில் ஒரே பொருள்தான் இருந்தது: கேட்க ஆள்.

அந்தச் சங்கங்களைக் கொண்டாடும்போதே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தோல் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது, குடகனாற்றுப் பக்கம் போனது. ஆலைக்கு வெளியே கிணறு உப்பேறிப்போன விவசாயிக்கும், நாலு மைல் நடந்து நல்ல தண்ணீர் சுமந்த அவர் மனைவிக்கும் கேட்க ஆள் இல்லை. வேலூர் மாவட்டத்தின் தோல் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்பது தமிழ்நாட்டின் தோல் ஆலைகள் அனைத்துக்கும் எட்டியது. ஆலைக் கதவுக்கு உள்ளே இருந்த ஒற்றுமை கதவுக்கு வெளியே போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் தொழிலாளிக்கு, வயல் போய்விட்டதே என்ற கோபம் விவசாயிக்கு. இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு லாபம் தன் வழியில் போனது. இந்தத் தவற்றை நாம் மறுபடியும் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றுவதால்தான் பழைய கதையை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பிறகு பஞ்சு வந்தது. மதுரையின் ஹார்வி மில்லிலும் கோவை மில்களிலும் நிரந்தர வேலையும் சங்கமும் ஆண் தொழிலாளர்களுக்குப் பழக்கமாகியிருந்தன. அந்தத் தலைமுறை ஓய்வுபெறும் காலத்தில் புதிய நூற்பாலைகள் நகரத்தை விட்டு வறண்ட தாலுகாக்களுக்கு நகர்ந்தன. அங்கே நிலம் மலிவு, ஆளும் மலிவு. பழைய மில்லின் சங்க நினைவு இல்லாத இளம்பெண்களைத் தேடிப் புரோக்கர்கள் ஊர் ஊராகப் போனார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என மொத்தமாகக் கையில் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். திருமகள் திருமணத் திட்டம் என்றும் மாங்கல்யத் திட்டம் என்றும் நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள்.

அந்தப் பெயரை யோசித்துப் பார்க்கிறேன். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்துக்குப் பணம் சேர்த்துத் தருவதாகச் சொல்லி, பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணின் மூன்று வருட உழைப்பு வாங்கப்பட்டது. மாதாமாதம் தர வேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே பரிசுபோல் கடைசியில் தருவதாகச் சொன்னார்கள். இரண்டரை வருடத்தில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பியவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஹாஸ்டல் வாசலைத் தாண்ட வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் வார்டனோடு. வீட்டுக்கு போன் பேச நேரம் குறித்துக் கொடுத்தார்கள். 'பாதுகாப்பு' என்று பெற்றோரிடம் சொல்லப்பட்ட அந்தச் சுவரின் முக்கியமான பயன், உள்ளே இருப்பவர் வெளியே யாரிடமும் பேச முடியாது என்பதுதான். 2011 முதல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் இதை அறிக்கைகளாக வெளியிட்டன, நீதிமன்றங்கள் பேசின, வாங்கும் நிறுவனங்கள் வருத்தம் தெரிவித்தன. திட்டத்தின் பெயர் மெல்ல மறைந்தது. ஹாஸ்டலும் புரோக்கரும் டார்கெட்டும் மறையவில்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை பார்த்துவந்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய தாய் தன் துயரத்தை வைத்துக்கொண்டு பேசத் துணிந்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன். அவரைத் தொடர்ந்து மற்றப் பெண்களும் பேசினார்கள். தையல் லைனில் நடக்கும் வசவு, தொடுகை, மிரட்டல் எல்லாம் வெளியே வந்தன. அவர்களுக்குப் பின்னால் நின்றது தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். 2013இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தை நடத்துபவர்கள் பெண்கள், அவர்களில் மிகுதியானோர் தலித் பெண்கள். எந்தக் கட்சியின் கிளையும் அல்ல அது. இந்தச் சம்பவத்தின்போது அதன் தலைவராக இருந்தவர் திவ்யராகினி.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2013இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குழுவை அமைப்பவர் முதலாளி. மேற்பார்வையாளர் மீது எழுத்தில் புகார் தர வேண்டிய பெண், நாளைக்கும் அதே மேற்பார்வையாளரிடம்தான் பீஸ் எண்ணிக்கை காட்ட வேண்டும், லீவு கேட்க வேண்டும், ஓ.டி.யை மறுக்க அனுமதி வாங்க வேண்டும். குழுவின் உறுப்பினர் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கும். அவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. சட்டம் கேட்கும் உரிமையைத் தந்தது. கேட்க ஆளைத் தரவில்லை.

அந்தப் பெண்களின் போராட்டம் ஓராண்டுக்கு மேல் நடந்தது. ஆலையை நடத்திய திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆனது. ஏசியா ஃபுளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் என்ற இரு அமைப்புகள் சங்கத்தோடு நின்றன. துணி வாங்கும் எச் அண்ட் எம் தனியே கையெழுத்திட்டது. பிறகு கேப் நிறுவனமும் பி.வி.எச். நிறுவனமும் சேர்ந்தன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரைக் குறைப்பது, நிறுத்துவது வரை வாங்குபவர் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அது அவருடைய பெருந்தன்மைக்கு விடப்பட்ட விஷயம் அன்று, கையெழுத்திட்ட கடமை. இந்தச் சங்கத்தோடு ஒரே மேசையில் உட்கார ஆலை நிர்வாகம் இணங்கியதையும் மதித்துச் சொல்ல வேண்டும். மாவட்டத்தின் மற்ற ஆலைகளில் எத்தனை அதற்குத் தயார்?

ஒப்பந்தத்தில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு சிறிய ஏற்பாடு. இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒரு மானிட்டர். அவரும் அதே லைனில் மெஷினில் உட்கார்ந்து தைப்பவர்தான். சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. பக்கத்து மெஷின்காரியிடம் சூப்பர்வைசர் கத்தினால், பாத்ரூம் போகவிடாமல் நிறுத்தினால், சாதியைச் சுட்டிப் பேசினால், அவர் எழுந்து கேட்பார். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. அந்த இடத்திலேயே தீராதது குழுவுக்குப் போகும், அங்கும் தீராதது ஆலைக்கு வெளியே உள்ள சுயேச்சையான ஆய்வாளர்களிடம் போகும். கம்பெனி பஸ்ஸும் ஹாஸ்டலும்கூட ஒப்பந்தத்தின் எல்லைக்குள் வருகின்றன. பஸ்ஸில் நடப்பது ஆலைக்கு வெளியே நடந்தது என்று கைகழுவ முடியாது. சாதியின் பெயரால், வெளிமாநிலத்தவர் என்பதால் நடக்கும் ஒடுக்குமுறையையும் சேர்த்தே அது தடை செய்கிறது.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன் கீழ் வந்தார்கள். முதல் ஆண்டில் 185 புகார்கள் எழுந்தன. 98 விழுக்காடு தீர்க்கப்பட்டதாக ஒப்பந்தத் தரப்பினர் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பாலியல் துன்புறுத்தல் பற்றியவை அவற்றில் ஒரு பகுதிதான். மற்றவை அன்றாடத் தொல்லைகள். இதைப் பார்த்து "இவ்வளவு புகாரா?" என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். எனக்கு அந்த எண் நிறைவைத் தருகிறது. புகாரே வராத ஆலையில்தான் நான் பயப்படுவேன். தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கிறது, மின்விசிறி ஓடவில்லை என்று தயங்காமல் சொல்லிப் பழகிய வாய்தான், ஒருநாள் பெரிய கொடுமை நடக்கும்போதும் திறக்கும். சின்னக் கேள்விக்கு அடி விழுந்த இடத்தில் பெரிய கேள்வி பிறப்பதில்லை.

இதன் முக்கியத்துவம் புரிய, ஒரு சட்டையின் பாதையைப் பார்க்க வேண்டும். கூலி ஏன் குறைவு என்று தொழிலாளி கேட்டால் சூப்பர்வைசர் மேனேஜரைக் காட்டுவார். மேனேஜர் முதலாளியைக் காட்டுவார். முதலாளி, "பையர் கொடுக்கும் விலைக்கு இதற்கு மேல் முடியாது" என்பார். அது பல நேரம் உண்மையும்கூட. பையரோ ஸ்டாக்ஹோமிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார். "அது எங்கள் ஆலை இல்லையே" என்பார். ஒவ்வொருவரும் மேலே கை காட்டுகிறார்கள், உச்சியில் இருப்பவர் கீழே கை காட்டுகிறார். கேள்வி எங்கும் போய் நிற்பதில்லை. இன்றைய ஏற்றத்தாழ்வின் முக்கியமான தந்திரம் இதுதான் என்று நினைக்கிறேன். பழைய தோல் ஆலையில் முதலாளியின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தொழிலாளிக்குத் தெரியும். இன்று தெரியாது. திண்டுக்கல் பெண்கள் செய்தது, கேள்வி போய் நிற்க ஒரு முகவரியை எழுதி வாங்கியது.

இது வேறு ஊர்களிலும் பெரும்பாலும் ஒரு பேரிழப்புக்குப் பிறகே நடந்திருக்கிறது. நியூயார்க்கில் 1911 மார்ச்சில் டிரையாங்கிள் ஆடை ஆலை எரிந்து 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருந்தது. அந்த நகரத்துப் பெண் தையல்காரர்களின் சங்கம், ஒப்பந்தக்காரரிடம் மட்டும் கூலி பேசிப் பயனில்லை என்று கண்டு, துணியை வாங்கி விற்கும் வியாபாரியையும் பொறுப்பாளியாக்கும் ஒப்பந்தங்களைப் பின்னர் வென்றது. டாக்கா அருகே 2013 ஏப்ரல் 24இல் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்ட பிறகு, கட்டடப் பாதுகாப்புக்காக வாங்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது. ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் ஜீன்ஸ் தைக்கும் பெண்கள் 2019இல் பாலியல் கொடுமைக்கு எதிராக அப்படி ஒன்றைப் பெற்றார்கள். அந்த வரிசையில் அடுத்த ஊர் திண்டுக்கல். இந்த ஊர்களில் பலவற்றில் பிணம் விழுந்த பிறகே பேச்சு தொடங்கியது என்பது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தொழிலாளி என்ற அடையாளம் வந்துவிட்டால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று பழைய சங்கங்களில் பலர் நம்பினார்கள். கரையவில்லை. வேலை நேரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஷிப்ட் முடிந்ததும் ஊருக்கும் காலனிக்குமாகப் பிரிந்து போனார்கள். லைனில் கத்தும் அதிகாரம் யாருக்கு, கத்தலை வாங்கிக்கொள்ளும் கடமை யாருக்கு என்பதில் ஊரின் வரிசையே ஆலைக்குள்ளும் வந்தது. இந்தச் சங்கம் மறுபக்கத்திலிருந்து தொடங்கியது. சாதியைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்று அஞ்சாமல், ஒப்பந்தத்திலேயே சாதியை எழுதினார்கள். அதனால் மற்றச் சாதிப் பெண்கள் விலகிப்போகவில்லை. அவர்களுக்கும் அதே மானிட்டர்தான் எழுந்து கேட்டார். அடிமட்டத்தில் இருப்பவர் கட்டிய பாதுகாப்பின் கீழ் மற்றவர்களும் வந்து நின்றார்கள். இதற்கு நேர்மாறாக, மேலே இருப்பவரின் ஒற்றுமைக்குள் அடிமட்டத்தவர் இடம்பிடித்த வரலாறு நம்மிடம் குறைவு.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. இது ஒரு நிறுவனத்தின் ஆலைகளுக்கு உட்பட்ட ஒப்பந்தம். வேடசந்தூர் சாலையில் ஓடும் பஸ்களில் மிகப் பெரும்பாலானவை இதற்கு வெளியே உள்ள மில்களுக்குப் போகின்றன. நூற்பாலையின் நூல் நேராகக் கடைக்குப் போவதில்லை, பல கை மாறுகிறது. அதில் எந்தப் பையரைப் பிடிப்பது? வாங்குபவரின் ஆர்டர்தான் ஒப்பந்தத்தின் முதுகெலும்பு. அவர் ஆர்டரை வேறு நாட்டுக்குத் திருப்பினால் ஒப்பந்தம் காகிதமாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, எந்தத் தொழிலகத்திலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். 51 விழுக்காட்டுத் தொழிலாளரைத் தன் பக்கம் காட்டும் சங்கமே தனித்துப் பேச்சு நடத்தும் தகுதி பெறும். ஹாஸ்டல் சுவருக்குள் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகும் பெண்களை வைத்துக்கொண்டு எந்தச் சங்கம் அந்தக் கணக்கைக் காட்டும்?

அந்த ஹாஸ்டல்களில் இன்று ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. ஒடிசா, ஜார்க்கண்ட், பிஹார் பெண்கள் வந்திருக்கிறார்கள். "வடக்கத்தி ஆட்கள் வந்துதான் நம் கூலி விழுந்தது" என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்கிறேன். தோல் கழிவுக் காலத்தில் தொழிலாளியும் விவசாயியும் எதிரெதிரே நின்றார்களே, அதே நிறுத்தம் இது. முப்பது வருடத்துக்கு முன்னால் நம் பெண்களைத் தேடி வந்த புரோக்கர் இப்போது ராஞ்சி பக்கத்துக் கிராமத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். நம் பெண்கள் கேட்கக் கற்றுக்கொண்டதால் கேட்கத் தெரியாதவர்களைத் தேடிப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, போலீஸ் ஸ்டேஷன் எங்கே என்று தெரியாது, பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று படிக்கத் தெரியாது. அவளுக்குக் கேட்க ஆள் இல்லாதவரை உள்ளூர்ப் பெண்ணின் கூலியும் நிற்காது. ஒடியாவில் பேசத் தெரிந்த ஒரு மானிட்டர் ஒவ்வொரு மில்லிலும் இருக்க வேண்டும். புகார் எண் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு ஹாஸ்டல் அறைக் கதவிலும் ஒட்டப்பட வேண்டும். தொழிலாளர் துறைக்கு இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

எங்கள் மாவட்டத்துக்குத் தொண்டின் மரபும் உண்டு. 1947இல் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் கிராமப் பெண்களுக்கு மருத்துவத்தையும் கல்வியையும் கொண்டுவந்தது. அந்தத் தொண்டுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் தொண்டு கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது. மனம் மாறினால் நின்றுவிடும். நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தார் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறோம். தீபாவளிக்கு வீட்டில் வேலை செய்பவருக்குச் சேலை எடுத்துத் தருகிறோம். அவர் வார விடுமுறை கேட்டால் கசந்துபோகிறோம். ஜவுளிக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டிய பெண்களுக்கு, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் வேண்டியிருந்தது. எத்தனை வருடம் அந்தக் கடைகளில் நாம் நாற்காலியில் உட்கார்ந்து சேலை பார்த்தோம்! ஒரு நாளாவது "இவங்க உட்கார ஒரு ஸ்டூல் போடுங்க" என்று கேட்டிருக்கலாம். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, பல கட்சித் தொழிற்சங்கங்களும் சேர்ந்து எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. பத்தே நாளில் நடந்தது அது. சேர்ந்து கேட்டால் நடக்கிறது.

ஆலைக்குள் இருப்பவர்களைப் பற்றித்தான் இவ்வளவும். ஆலையே இல்லாதவர்கள் மிச்சம் இருக்கிறார்கள். நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டங்களில் விடியுமுன் குனிந்து மல்லி மொட்டுப் பறிப்பவருக்கு எடைக்கு ஏற்பக் கூலி. திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் அரமும் கையுமாக உட்கார்ந்திருப்பது மூன்று பேர், நான்கு பேர். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்காக மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்ப் புகார்க் குழு என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழு எங்கே உட்கார்கிறது என்று பூப்பறிக்கும் பெண்ணிடம் இதுவரை யாரேனும் போய்ச் சொல்லியிருந்தால் நல்லது. சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தபடியே கூலிக்குச் சேலை வேலை செய்யும் பெண்ணுக்கு லைன் கிடையாது, பஸ் கிடையாது, பக்கத்து மெஷின் கிடையாது. துணியைக் கொண்டுவந்து போடுபவரே கூலியையும் சொல்வார், பழுதென்று கழிப்பவரும் அவரே. அந்தப் பெண்ணோடு சேர்ந்து எழுந்து கேட்க வேண்டிய இருபத்தைந்து பேரும் இருபத்தைந்து வீட்டுத் திண்ணைகளில் தனித்தனியே குனிந்திருக்கிறார்கள்.